அளந்து பார்த்த பிறகும் கண் ஏன் கேட்பதில்லை?

கரித்துண்டு:

நான் பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறேன். பார்வை மாயப் படங்களை எல்லோரும் வியந்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். அவற்றில் எனக்கு விடை கிடைக்காத ஒரு கேள்வி இருக்கிறது. பல துறைக்காரர்கள் கூடும் இடம் இது என்பதால் உங்கள் முன் வைக்கிறேன்.

ஃபிரான்ஸ் முல்லர்-லையர் என்ற ஜெர்மானியர் 1889-இல் வெளியிட்ட படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சம நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத்தலைகள் உள்நோக்கி மடிந்திருக்கும். மற்றதில் வெளிப்பக்கமாக விரிந்திருக்கும். விரிந்த முனையுடைய கோடுதான் நீளமாகத் தெரியும். அளவுகோலை வைத்து அளந்து, இரண்டும் சமம் என்று தன் கையாலேயே எழுதி வைத்த பிறகும் அது நீளமாகத்தான் தெரியும்.

எட்வர்ட் அடெல்சன் 1995-இல் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படம் இன்னும் கடுமையானது. பலகையின் மேல் ஒரு உருளையின் நிழல் விழுகிறது. நிழலுக்குள் இருக்கும் ‘வெள்ளை’க் கட்டமும் நிழலுக்கு வெளியே இருக்கும் ‘கறுப்பு’க் கட்டமும் உண்மையில் ஒரே சாம்பல் நிறம். மற்ற கட்டங்களைத் தாளால் மறைத்தால் சமமாகத் தெரியும். தாளை எடுத்ததும் மறுபடி வெள்ளை, கறுப்பு.

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், உண்மை தெரிந்த பிறகும் மாறவில்லை என்றால், தெரிந்துகொண்டு என்ன பயன்?”

அவள் கோட்டைப் பற்றித்தான் கேட்டாள். நான் மனிதர்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஜேனைன் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடோரோவ் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத முகத்தை ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே காட்டியிருக்கிறார்கள். நம்பத்தக்கவரா, திறமையானவரா என்று மக்கள் அதற்குள் முடிவு கட்டிவிட்டார்கள். நேர வரம்பின்றிப் பார்த்தவர்களின் முடிவோடு அது பெரிதும் ஒத்துப்போனது. கூடுதல் நேரம் கொடுத்தபோது முடிவு பெரிதாக மாறவில்லை, தன் முடிவின் மீதான உறுதிதான் கூடியது. இந்தக் கடைசிச் செய்திதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

கோட்டில் திருந்தாத கண், மனிதரிடம் மட்டும் திருந்துமா? ‘கவனித்துப் பார்’ என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அதில் உண்மையிலேயே கற்றுக்கொடுக்கக்கூடியது எது? உங்கள் தொழிலிலிருந்து சொல்லுங்கள்.

பகல்நிலா:

வானம் பார்ப்பவன் என்ற முறையில் பழைய உதாரணம் ஒன்று. உதிக்கும் முழுநிலா பெரிதாகத் தெரிவதும், உச்சிக்கு வந்ததும் சிறுத்துவிடுவதும் எல்லோரும் கண்டதுதான். நிலவு நம் கண்ணில் அடைக்கும் கோணம் இரண்டு நேரத்திலும் ஏறக்குறைய அரை பாகைதான். சரியாகச் சொன்னால், அடிவானத்தில் இருக்கும்போது அது பூமியின் ஆரமளவு, அதாவது சுமார் 6,400 கிலோமீட்டர், கூடுதல் தொலைவில் இருக்கிறது. எனவே இம்மியளவு சிறிதாகத்தான் தெரிய வேண்டும்!

தாலமி காலத்திலிருந்தே அறிஞர்கள் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 11-ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-ஹைதம், இது முதன்மையாகக் காற்றின் வேலை அல்ல, தொலைவைப் பற்றி மனம் செய்யும் கணிப்பின் வேலை என்று எழுதினார். அடிவானத்தில் மரங்களும் வீடுகளும் இடையில் இருப்பதால் அது வெகு தூரம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது; அவ்வளவு தூரத்தில் இருந்தும் இவ்வளவு தெரிகிறதென்றால் பொருள் பெரியது என்று முடிவு கட்டுகிறது. இன்றுவரை முழு உடன்பாடு ஏற்படவில்லை. ஆனாலும் மனத்தின் பங்கை யாரும் மறுப்பதில்லை.

எங்கள் குழுவுக்கு வரும் சிறுவர்களிடம் காய்ந்த பட்டாணி ஒன்றைக் கொடுத்து, கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி நிலவை மறைக்கச் சொல்வோம். உதிக்கும்போதும் மறைகிறது, உச்சியிலும் மறைகிறது. கண் மாறவில்லைதான் அம்மா. ஆனால் அடுத்த முறை “இன்று நிலா ராட்சத அளவு” என்று யாராவது சொன்னால், அந்தச் சிறுவர்கள் கையை நீட்டுகிறார்கள். உங்கள் மாணவிக்கு நான் சொல்லும் பதில் அந்த நீட்டிய கைதான்.

மறுகேள்வி:

இந்த விவாத இழையின் அடிப்படையிலேயே எனக்கு உடன்பாடில்லை. ‘கண் ஏமாறுகிறது’ என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

அடெல்சனின் பலகையையே எடுத்துக்கொள்வோம். நம் கண் ஒளியளக்கும் கருவி அல்ல. அது பொருளை அடையாளம் காணப் படைக்கப்பட்டது. நிழலில் கிடக்கும் வெள்ளைத் துணி, வெயிலில் கிடக்கும் கறுப்புத் துணியைவிடக் குறைவான ஒளியை அனுப்பக்கூடும். ஆனாலும் அதை வெள்ளை என்றே காண்கிறோம். காணாவிட்டால் நிழலுக்குள் போகும் ஒவ்வொன்றும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும், உலகில் நடமாடவே முடியாது. இதே கருத்தை அடெல்சனும் சொல்லியிருக்கிறார். 2015-இல் உலகமே சண்டையிட்டுக்கொண்ட அந்த உடைப் படமும் இப்படித்தான். உடையின் உண்மை நிறம் நீலமும் கறுப்பும். வெள்ளையும் பொன்னிறமும் என்று கண்டவர்களின் மூளை, அது நிழலில் எடுத்த படம் என்று எடுத்துக்கொண்டு நீலத்தைக் கழித்துவிட்டது. கணக்கு சரி, தொடங்கிய அனுமானம்தான் வேறு.

உடனடி முடிவையும் இப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை அடைய அரை நொடிகூட ஆகாது. அங்கே ‘கவனித்து நிதானமாகப் பார்’ என்றால் ஸ்டம்ப் பறக்கும். மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் ஆகியோர் 2000-ஆம் ஆண்டில் மட்டையாளர்களின் கண்ணசைவை அளந்தார்கள். அவர்கள் பந்தையே தொடர்ந்து பார்ப்பதில்லை. பந்து கையை விட்டதும், அது குத்தப்போகும் இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவிவிடுகிறது. தேர்ந்த ஆட்டக்காரரின் கண் இன்னும் சீக்கிரம் தாவுகிறது. முந்திக்கொண்டு முடிவெடுப்பதே அங்கு திறமை.

வைகைக்கரை:

லோகோ பைலட்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மறுகேள்வி சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி தண்டவாளத்தில் உயிர் குடிக்கும்.

லெவல் கிராசிங்கில் நின்று, வரும் ரயிலைப் பார்த்து “தூரத்தில்தான் வருகிறது, கடந்துவிடலாம்” என்று இறங்குபவர்கள் எல்லோரும் அலட்சியக்காரர்கள் அல்லர். பெரிய பொருள் நகரும்போது மெதுவாக நகர்வதுபோலத் தெரியும். பெரிய விமானம் தரையிறங்கும்போது மிதந்து வருவதுபோல் இருக்கும், சின்ன விமானம் விரைவதுபோல் இருக்கும். உண்மையில் பெரியதுதான் வேகமாக வருகிறது. இதையே ரயிலுக்குப் பொருத்தி ஹெர்ஷல் லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1985-இல் எழுதினார். இன்னொன்று, நேர் எதிரே வரும் பொருள் கண்ணில் வெகு நேரம் ஒரே அளவாக நிற்கும். கடைசியில்தான் திடீரென்று பெருக்கும். அப்போது தப்பிக்க நேரம் இருக்காது. நாங்கள் பிரேக் போட்டாலும், வேகத்தைப் பொறுத்து ஒரு கிலோமீட்டர்கூட ஓடித்தான் வண்டி நிற்கும்.

இதற்குக் கண்ணைப் பழக்கி மாற்று வழி காண முடியாது என்று ரயில்வேக்குத் தெரியும். அதனால்தான் கேட் வைத்தார்கள், சுரங்கப்பாதை கட்டினார்கள். அகலப் பாதைகளில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் 2019 தொடக்கத்தில் முற்றாக ஒழிக்கப்பட்டன. முடிவெடுக்கும் வேலையையே மக்களின் கண்ணிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இது முதல் வழி.

ஆனால் வண்டிக்குள் இருக்கும் எங்களிடமிருந்து கண்ணைப் பறிக்க முடியாதே! அங்கே வேறு வழி. சிக்னல் தெரிந்ததும் நானும் உதவி லோகோ பைலட்டும் கையை உயர்த்தி அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். “டிஸ்டன்ட் இரட்டை மஞ்சள்” (முன்னறிவிப்பு சிக்னலில் இரண்டு மஞ்சள் விளக்குகள்) என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தானும் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இது வெற்றுச் சடங்காகத் தெரியும். ஒரே தடத்தில் ஓடி ஓடி, எப்போதும் பச்சையாகவே இருந்த சிக்னலைப் பச்சை என்றே மனம் படித்துவிடும் அபாயம் இருக்கிறது. பக்கத்துப் பாதைக்குரிய பச்சையை நம்முடையது என்று எடுத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. வாய் சொல்லும்போது கண் மறுபடி ஒருமுறை போய்ப் பார்த்தாக வேண்டும். ஜப்பானிய ரயில்வேயில் கையால் சுட்டிக்காட்டியே சொல்வார்கள். நடைமேடையில் நிற்கும் பணியாளர்கூடச் சுட்டுவார்.

டீச்சர் அம்மா, கவனம் என்பது மனத்துக்குள் நடக்கும் வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். எங்களுக்கு அது கையும் வாயும் செய்யும் வேலை.

சாரல்மலை:

நீலகிரிக்காரி என்பதால் ஒரு வரலாற்றுச் செய்தி. முல்லர்-லையர் படம் வெளிவந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குள் எங்கள் மலைக்கு வந்துவிட்டது. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர்-மானிடவியலாளர் 1901-02இல் தோடர்களிடையே தங்கி அவர்களின் புலன்களைச் சோதித்தார். அதற்கு முன் 1898-இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணையின் முர்ரே தீவிலும் இதையே செய்திருந்தார். இரு இடங்களிலும் மக்கள் முல்லர்-லையர் கோட்டில் ஆங்கிலேயர்களைவிடக் குறைவாகவே ஏமாந்தார்கள். செங்குத்துக் கோடு கிடைக்கோட்டைவிட நீளமாகத் தெரியும் மாயத்தில் மட்டும் கூடுதலாக ஏமாந்தார்கள். ‘பழங்குடிகளின் மனம் எளிதில் மயங்கும்’ என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் இது சாதாரண முடிவு அல்ல.

1966-இல் சீகல், கேம்பல், ஹெர்ஸ்கோவிட்ஸ் ஆகிய மூவர் பல நாடுகளில் இதை விரிவாகச் சோதித்து, காரணம் தச்சு வேலை என்றார்கள். மூலை முடுக்குகளும் செங்கோணங்களும் நிறைந்த அறைகளில் வளர்ந்த கண், அம்புமுனைகளை அறையின் மூலையாகப் படித்து ஆழத்தைக் கணக்கில் சேர்க்கிறதாம். தோடர்களின் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே மனத்தில் ஒட்டும். அரைப் பீப்பாயைக் கவிழ்த்ததுபோல் வளைந்த கூரை, தவழ்ந்து நுழையும் வாசல். பார்வை வளர்ப்பால் வருவது என்றால் வேறு வளர்ப்பால் மாற்றவும் முடியும்தானே? எனக்கு இது நம்பிக்கை தருகிறது.

சோதனைக்குழல்:

சாரல்மலை அக்கா, அந்த விளக்கம் அழகானது. ஆனால் அதற்குப் பலத்த அடி விழுந்துவிட்டது, அதுவும் இந்தியாவிலிருந்தே. பவன் சின்ஹா நடத்தும் ‘பிரகாஷ்’ திட்டத்தில், பிறவியிலேயே கண்புரையால் பார்வையற்றிருந்த வட இந்தியக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பார்வை தருகிறார்கள். 8 முதல் 16 வயதுக்குட்பட்ட ஒன்பது பேரிடம், கட்டு அவிழ்த்த சிறிது நேரத்திலேயே முல்லர்-லையர் படத்தையும் பொன்சோ படத்தையும் (தண்டவாளம்போல் குவியும் கோடுகளுக்கிடையே சம நீளக் கோடுகள் சமமற்றுத் தெரியும் படம்) காட்டினார்கள். எந்த அறையின் மூலையையும் கண்ணால் கண்டிராத அந்தப் பிள்ளைகளும் நம்மைப் போலவே ஏமாந்தார்கள். 2015-இல் வெளியான ஆய்வு இது. மாயத்தின் வேர் அனுபவத்துக்கும் முந்தியது என்பதையே இது காட்டுகிறது.

அப்படியானால் தோடர்கள் ஏன் குறைவாக ஏமாந்தார்கள் என்ற கேள்வி நிற்கிறது. முர்ரே தீவினரைப் பற்றி ரிவர்ஸ் சொன்ன ஒரு குறிப்பு இங்கே உதவும். அவர்கள் அளக்கச் சொன்ன கோட்டை மட்டுமே நோக்கினார்கள். ஐரோப்பியர் படம் முழுவதையும் ஒன்றாக நோக்கினார்கள் என்று அவர் கருதினார். ஆய்வகத்திலும் இதே கோடுகளைத் திரும்பத் திரும்ப மதிப்பிடுபவர்களிடம் மாயம் சிறிது சிறிதாகக் குறைவது நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்ததே. முற்றிலும் மறைவதில்லை, குறைகிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது என்ற பழக்கத்தில் நமக்கு ஓரளவு பிடி இருக்கிறது.

எக்ஸ்ரே அறை:

எதைப் பார்ப்பது, எதை விடுவது என்றீர்கள். என் தொழிலின் ஆபத்தே அதுதான்.

டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோஃபர் சாப்ரிஸ் 1999-இல் செய்த கொரில்லா சோதனை பலருக்குத் தெரியும். பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், நடுவில் வந்து மார்பில் தட்டிக்கொண்டு போன கொரில்லா வேடத்தைப் பார்க்கவில்லை. “அவர்கள் சாதாரண ஆட்கள், நாங்கள் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள்” என்று எங்களால் சொல்ல முடியாதபடி 2013-இல் இன்னொரு ஆய்வு வந்தது. நுரையீரல் சி.டி. படங்களில் சிறு கட்டிகளைத் தேடச் சொல்லி, ஒரு மூலையில் கொரில்லா உருவத்தைப் பதித்துவிட்டார்கள். சராசரிக் கட்டியைப் போல் 48 மடங்கு பெரியது. 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர் அதைக் காணவில்லை. கண்ணசைவைப் பதிவு செய்ததில், காணாதவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் பார்வை நேராக அதன் மேலேயே விழுந்திருக்கிறது. விழுந்தும் பதியவில்லை.

அந்த மருத்துவர்கள் மோசமானவர்கள் அல்லர். தேடச் சொன்ன கட்டிகளை நன்றாகத் தேடினார்கள். ஒன்றைத் தேடும் கண்ணுக்கு மற்றது இல்லை. ஒன்று கிடைத்துவிட்டால் தேடலே நின்றுவிடும் ஆபத்தும் இருக்கிறது. விலா எலும்பு முறிவைக் கண்டுபிடித்த திருப்தியில், அதே படத்தில் இருக்கும் கட்டியை விட்டுவிடலாம்.

எங்கள் துறை ‘கூர்ந்து பார்’ என்ற அறிவுரையை நம்புவதில்லை. நெஞ்சுப் படத்தில் எளிதில் தவறும் இடங்கள் எவை என்று தெரியும். நுரையீரலின் உச்சி, இதயத்தின் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழே மறையும் பகுதி, இரத்தக் குழாய்கள் நுழையும் இடம். கண்ணில் பட்டதைக் குறித்த பிறகும், எதுவும் படாவிட்டாலும், அந்த இடங்களுக்கு வரிசையாகப் போயே ஆக வேண்டும். வலப்பக்கத்தை இடப்பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். பழைய படம் இருந்தால் பக்கத்தில் வைக்க வேண்டும். ரயில்காரர் ஐயா சத்தமாகச் சொல்வதும் இதுவும் ஒரே இனம்.

ஏட்டுச்சுவடி:

கொரில்லாவைப் படித்ததும் ஒரு புலி நினைவுக்கு வந்தது. மணிமேகலையில், வஞ்சி நகரில் சமயவாதிகளிடம் அவரவர் தத்துவத்தைக் கேட்கும் காதையில், அறியும் வழிகளை ஆராயும் அளவைவாதி, அறிவு பிழைக்கும் எட்டு வகைகளைச் சொல்கிறான். மூன்று வகைகள் இந்த இழைக்கு அப்படியே பொருந்துகின்றன. கிளிஞ்சிலை வெள்ளி என்று கொள்வது ‘திரியக் கோடல்’. வெளியில் நிற்கும் கட்டையை ஆராயாமல் மனிதன் என்று முடிவு செய்வது ‘தேராது தெளிதல்’. கொடும்புலி நெருங்குவதைக் கண்டும் அறியாதிருப்பது ‘கண்டுணராமை’.

இவை மூன்றும் தனித்தனிப் பிழைகள் என்று அவன் பிரித்து வைத்திருப்பதைக் கவனியுங்கள். நம் விவாதம் எல்லாவற்றையும் ‘ஏமாற்றம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. அதே பட்டியலில் ‘ஐயம்’ என்பதும் இருக்கிறது, அதாவது கட்டையா மனிதனா என்று தீர்மானிக்க முடியாமல் நிற்பது. அளவைவாதி அதையும் குறையாகத்தான் எண்ணுகிறான். இதில் நான் அவனோடு மாறுபடுகிறேன். தேராது தெளிவதைவிட ஐயத்தில் சற்று நிற்பது எவ்வளவோ மேல்.

கரித்துண்டு:

ஏட்டுச்சுவடி ஐயாவின் பிரிப்பு எனக்குப் பெரிதும் உதவுகிறது. கோடும் நிலவும் முதல் வகை. அவை தெரிந்தாலும் மாறாது. கொரில்லா மூன்றாம் வகை. தெரிந்தவரிடம் காட்டினால் உடனே கண்ணில் படும். நான் கேட்ட முகத்தைப் பற்றிய முடிவு இடையில் இருக்கும் வகை. அதில் என்ன செய்வது?

வரைதலில் எங்களுக்கு ஒரு வழி உண்டு. முகத்தை வரையச் சொன்னால் பிள்ளைகள் கண்ணை நெற்றிக்கு அருகில் வைப்பார்கள். தலையின் நடு உயரத்தில்தான் கண் இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். பென்சிலை நீட்டிப் பிடித்து அளக்கச் செய்வோம். மாதிரிப் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து வரையச் சொல்வோம். மூக்கு என்ற பெயர் போய்விடும், வளைவும் நிழலும் மட்டும் மிஞ்சும். வரைவது உடனே மேம்படும். மனிதர்களைத் தலைகீழாகத் திருப்ப முடியாது. பெயரைக் கழற்ற முடியுமா?

திருத்துமேசை:

முடியும், செய்துகொண்டும் இருக்கிறோம். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு விடைத்தாள் எங்களிடம் வரும்போது மாணவரின் பெயரோ பதிவெண்ணோ இருக்காது, அடையாளத்தை மறைக்கும் குறியீடுதான் இருக்கும். எந்த ஊர், எந்தப் பள்ளி, ஆணா பெண்ணா என்று தெரியாது. திருத்துபவரின் மனச்சாட்சியை நம்பி விடாமல் முகத்தையே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் கையெழுத்து இருக்கிறது. அழகான கையெழுத்தின் மேல் எழும் நல்லெண்ணம் பதிலுக்குள் கசிந்துவிடும். எட்வர்ட் தார்ண்டைக் 1920-இலேயே காட்டிய விஷயம் இது: படை அதிகாரிகள் ஒரு வீரரின் உடற்கட்டை உயர்வாக மதிப்பிட்டால், அறிவையும் ஒழுக்கத்தையும் சேர்த்தே உயர்வாக மதிப்பிட்டார்கள். இதற்காக நான் ஒரே மாணவரின் தாளை முழுவதும் ஒரே மூச்சில் திருத்துவதில்லை. வகுப்புத் தேர்வுகளில் எல்லோருடைய முதல் கேள்வியையும் முடித்துவிட்டு, கட்டை மாற்றி அடுக்கி, பிறகு இரண்டாம் கேள்விக்குப் போகிறேன். முதல் பதிலின் ஒளியோ இருளோ இரண்டாவதன் மேல் விழாது. நேரம் பிடிக்கும். ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு அந்த நேரம் தகும்.

மறுகேள்வி:

என் மட்டையாளரைக் கைவிட நான் இன்னும் தயாரில்லை, ஆனால் அவரை எங்கே வைப்பது என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது. உள்ளுணர்வை ஐயுற்ற உளவியலாளர் டேனியல் கானமனும், தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வை வியந்த உளவியலாளர் கேரி க்ளைனும் சேர்ந்து 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உடனடி முடிவை நம்புவதற்கு அவர்கள் வைத்த நிபந்தனை இரண்டு. அந்தத் துறையில் ஒழுங்கு இருக்க வேண்டும். செய்தது சரியா தவறா என்று சீக்கிரம் தெரியும் வகையில் நீண்ட பயிற்சியும் இருக்க வேண்டும். மட்டையாளருக்கு இரண்டும் உண்டு; தவறினால் அடுத்த கணமே தெரிந்துவிடும். நேர்காணலில் முகம் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பவருக்கு இரண்டாவது கிடையாது. அவர் நிராகரித்தவர் வேறிடத்தில் எப்படி வேலை செய்தார் என்று அவருக்குத் தெரியவே போவதில்லை. ஆண்டுக்கணக்காக அந்த நாற்காலியில் இருந்தாலும் கண் தேறாது, துணிவுதான் தேறும்.

எனவே டீச்சரிடம் ஒரு யோசனை. வகுப்பில் ஒரு புகைப்படத்தைக் காட்டி, பிள்ளைகளைத் தாளின் ஒரு பக்கம் கண்ணில் கண்டதையும், மறுபக்கம் அதிலிருந்து தாங்கள் முடிவு செய்ததையும் எழுதச் சொல்லுங்கள். ‘சட்டைப் பொத்தான் மாறிப் போடப்பட்டிருக்கிறது’ என்பது ஒரு பக்கம், ‘கவனமில்லாதவர்’ என்பது மறுபக்கம். ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே, எவ்வளவு உறுதி என்று பத்துக்கு ஒரு எண் போடச் சொல்லுங்கள். பிறகு படத்தில் இருப்பவர் யார், என்ன சூழல் என்று சொல்லுங்கள். உண்மை வெளிப்படும் படங்களை மட்டுமே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் இன்னொரு நேர்காணல் நாற்காலி ஆகிவிடும்.

கரித்துண்டு:

செய்கிறேன். முதலில் பழைய செய்தித்தாள் படங்களை எடுக்கிறேன். கீழே இருக்கும் விளக்கத்தை மடித்து மறைத்துவிட்டால் போதும், உண்மை அங்கேயே இருக்கும். திருத்துமேசை ஐயா சொன்னதுபோல் தாள்களை ஒவ்வொரு படத்துக்கும் கலைத்து அடுக்குவேன், யாருடையது என்று தெரியாமல் படிப்பதற்காக. எக்ஸ்ரே அறையிடம் ஒரு கேள்வி: எளிதில் தவறும் இடங்களின் வரிசை என்றீர்களே, புகைப்படம் பார்க்கும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வரிசை தர முடியுமா?

எக்ஸ்ரே அறை:

தரலாம். நான்கு ஓரங்கள், பின்னணி, கைகள், பாதங்கள், ஒளி வரும் திசை. முகத்தைக் கடைசியில் வையுங்கள்.